பூண்டு வாசத்தை நம்பாதீர்கள்: க்ரீம் சீஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஊசிப்போயிருந்தா மோந்து பார்த்தாலே தெரிஞ்சிடும்" என்பார்கள். சோற்றுக்கும் குழம்புக்கும் அது ஓரளவு சரி. ஃப்ளேவர் சேர்த்த க்ரீம் சீஸுக்கு அதை நம்பக் கூடாது. பூண்டு வாசம் புளித்த வாடையை அமுக்கிவிடும். கொத்தமல்லி, வெங்காயத்தாள் துணுக்குகளுக்கு நடுவே பச்சைப் பூசணம் கண்ணில் படாது. ஸ்ட்ராபெரி சீஸில் இளஞ்சிவப்புத் திட்டு வந்தாலும் பழம் என்றே நினைப்போம்.

அதனால் மூக்கைவிடத் தேதியை நம்புங்கள். டப்பாவைத் திறந்த அன்றே மூடியில் மார்க்கரால் தேதி எழுதிவிடுங்கள். டப்பாவில் அச்சிட்ட தேதி சீல் பிரிக்காதவரைக்கும்தான். பிரித்தபின் ஒரு வாரம், மிஞ்சிப்போனால் பத்து நாள். டப்பாவில் அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுதான் கணக்கு.

நம் ஊரில் கோளாறு பெரும்பாலும் வழியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. பால் பொருட்கள் வெளியில் இரண்டு மணி நேரம் தாங்கும். வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். சித்திரை, வைகாசியில் புதுச்சேரியில் எந்தப் பகலில் 32-க்குள் நிற்கிறது? காலையில் நேரு வீதியில் சீஸ் வாங்கி, மற்ற கடைகளை முடித்து, கடலூர் பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் அந்த ஒரு மணி நேரம் போய்விடும். சீஸைக் கடைசியாக வாங்குங்கள். ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டுபோங்கள்.

வீட்டில் பலரும் டப்பாவை ஃபிரிட்ஜ் கதவில் செருகுகிறார்கள். திறக்கும்போதெல்லாம் முதலில் சூடாவது அந்தக் கதவுதான். உள்தட்டில், பின்பக்கமாக, 4 டிகிரிக்குள் வையுங்கள். ரொட்டித்தூள் ஒட்டிய கத்தியையோ ஈர ஸ்பூனையோ உள்ளே விடாதீர்கள்.

கரண்ட் போனால்? திறக்காத ஃபிரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். 2011-இல் தானே புயலுக்குப் பிறகு கடலூர்ப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் சீஸைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், தூக்கிப் போட்டுவிடுங்கள்.

டப்பாவைத் திறந்ததும் மேலே தண்ணீர் நின்றால் பயப்பட வேண்டாம். தயிரில் பிரிவது போன்ற நீர்தான், கலக்கிவிடலாம். மூடியைத் திருப்பி உள்விளிம்பைப் பாருங்கள். பூசணம் பல நேரம் முதலில் அங்கேதான் பிடிக்கும். ஓரம் மஞ்சளாகக் காய்ந்திருந்தாலோ, மேற்பரப்பு பிசுபிசுத்தாலோ, ஸ்பூனில் எடுக்கும்போது நூல் விட்டாலோ அது கெட்டுப்போனதுதான்.

பூசணம் பிடித்த இடத்தை மட்டும் சுரண்டிவிட்டுச் சாப்பிடுவதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் பழக்கம். கெட்டியான சீஸில் சுற்றிலும் ஓர் அங்குலம் வெட்டி எறியலாம். க்ரீம் சீஸ் மென்மையானது, ஈரம் நிறைந்தது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். முழு டப்பாவும் குப்பைக்குத்தான். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா ஃபிரிட்ஜ் குளிரிலும் மெல்லப் பெருகும், ருசியோ மணமோ மாறாது. வீட்டில் கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருந்தால் சந்தேகப்பட்ட டப்பாவை ருசிகூடப் பார்க்க வேண்டாம்.

ஃப்ரீசரில் வைத்தால் உதிர்ந்து மணல் மணலாகிவிடும். பிரெட்டில் தடவ முடியாது, சாஸிலோ கேக்கிலோ சேர்க்கலாம். தினமும் சாப்பிடாத வீடு என்றால் பிளெய்ன் க்ரீம் சீஸ் வாங்கி, வேண்டிய அளவு எடுத்து அன்றன்றைக்குப் பூண்டும் மிளகும் கலந்துகொள்ளுங்கள்.