விறகடுப்பைப் புகையில்லாமல் எரிப்பது எப்படி?

முதலில் ஒரு சின்னச் சோதனை. மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி, சில நிமிடங்கள் நன்றாக எரியவிட்டு, ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளை நூல் போல ஒரு புகை எழும்பும். அது கலைவதற்குள், எரிகிற தீக்குச்சியைத் திரியைத் தொடாமல் இரண்டு விரற்கடை மேலே அந்தப் புகையில் காட்டுங்கள். தீ புகை வழியாகவே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும்.

விறகடுப்பு பழக வருகிற யாருக்கும் நான் முதலில் காட்டுவது இதைத்தான். புகை எரியக்கூடிய பொருள். அப்படியென்றால், கண்ணைக் கரித்துக்கொண்டு அடுப்பிலிருந்து வெளியேறும் புகை முழுவதும் நாம் வெட்டி, பிளந்து, சுமந்து வந்த விறகின் ஒரு பங்கு. எரியாமலே கைநழுவிப் போகிறது. புகையைக் குறைப்பதும் விறகை மிச்சப்படுத்துவதும் ஒரே வேலைதான்.

உடம்புக்கும் இது பெரிய விஷயம். விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றை வீட்டுக்குள் எரிப்பதால் உண்டாகும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். "அடுப்படிப் புகை பழகிப்போய்விடும்" என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதே இல்லை. நுரையீரலுக்குப் புகை பழகுவதில்லை.

விறகுக்குள் நடப்பது

கட்டையில் சூடு ஏறும்போது முதலில் உள்ளேயிருக்கும் தண்ணீர் ஆவியாகிறது. சூடு 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போகப் போக, மரம் சிதைந்து வாயுக்களைக் கக்கத் தொடங்குகிறது. காய்ந்த விறகின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படி வாயுவாகத்தான் போகிறது. எரிகிற விறகை அருகிலிருந்து கவனித்தால் ஒன்று தெரியும்: சுடர் கட்டையோடு ஒட்டிக்கொண்டிருக்காது. இரண்டுக்கும் நடுவே நூலளவு இடைவெளி இருக்கும். கட்டையிலிருந்து கிளம்பிய வாயு காற்றோடு கலக்கிற இடத்தில்தான் சுடர் ஆரம்பிக்கிறது. வாயு போன பிறகு எஞ்சுவது கரி. அது சுடரில்லாமல் தணலாகக் கனிகிறது.

அந்த வாயு மிச்சமில்லாமல் எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும், தாராளமாகக் காற்று வேண்டும், எரிந்து முடிக்கக் கொஞ்சம் இடமும் வேண்டும். மூன்றில் எது குறைந்தாலும் புகைதான்.

படி 1: விறகைக் காய வையுங்கள்

பாதி வெற்றி இங்கேயே இருக்கிறது. அடுப்பை மாற்றுவதற்கு முன், புகைபோக்கியைக் குறை சொல்வதற்கு முன், விறகைப் பாருங்கள்.

வெட்டிய கையோடு இருக்கும் பச்சை மரத்தின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கலாம். ஒரு கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால் அரை லிட்டர் தண்ணீரையும் சேர்த்து வைக்கிறோம் என்று பொருள். அந்த அரை லிட்டரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பத்தைக் கொண்டு, 30 டிகிரியில் இருக்கும் 4 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்கே கொண்டுவந்துவிடலாம். அத்தனை வெப்பமும் பாத்திரத்துக்குப் போகாமல் வீணாகிறது. அதைவிட மோசம், அந்த நீராவி தீயின் சூட்டை இறக்கிவிடுகிறது. சூடு இறங்கினால் வாயு எரியாது.

விறகில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்திருக்க வேண்டும். இதற்குச் செய்ய வேண்டியது, மரத்தை அடுப்பின் அளவுக்கு அறுத்து, உடனே பிளந்து அடுக்குவது. பிளக்காத உருளைக் கட்டை பட்டைக்குள் ஈரத்தைப் பூட்டி வைத்துக்கொள்ளும். மெல்லிய, மென்மையான மரம் ஆறு மாதத்தில் காய்ந்துவிடலாம். தடித்த வைர மரத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலுமோ ஆகும். அடுக்கைத் தரையில் படாமல் கட்டைகளின் மேல் தூக்கி வையுங்கள். மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். மழைக்குப் பயந்து நாலா பக்கமும் தார்ப்பாயால் சுற்றிக் கட்டுவது பலர் செய்யும் தவறு. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே பூஞ்சைதான் பிடிக்கும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும். ஈரக்கட்டை 'தொப்' என்று மொத்தையாகச் சத்தமிடும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி வெடிப்புகள் ஓடியிருக்கும், பட்டை கழன்று வரும், கையில் எடுத்தால் லேசாக இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த முறை தராசு. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு கட்டையை எடுத்து அடையாளம் போட்டு, எடையை அதன் மேலேயே எழுதி, திரும்ப அதே இடத்தில் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால் கட்டை அந்த இடத்தில் காய முடிந்த அளவுக்குக் காய்ந்துவிட்டது.

தவறிப்போய் ஈர விறகை வைத்துவிட்டால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். தீக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் நுரை பொங்கும், 'உஸ்' என்று சீறும், பழுப்பாகத் தண்ணீர் சொட்டும். அந்தக் கட்டையைத் தயங்காமல் வெளியே இழுத்துவிடுங்கள்.

படி 2: கனத்தைச் சரிபாருங்கள்

சமையல் அடுப்புக்குக் கட்டைவிரல் கனத்திலிருந்து மணிக்கட்டுக் கனம் வரை போதும். ஒரே தடிமனான கட்டையைவிட அதையே நான்காகப் பிளந்து வைத்தால் காற்றுப் படும் பரப்பு கூடும், வேகமாகச் சூடேறும், சுடர் சுத்தமாக எரியும். அறையைச் சூடாக்கும் கதவு வைத்த இரும்பு அடுப்புக்கு இதைவிடச் சற்றுப் பெரிய கட்டைகள் வைக்கலாம்.

அடுப்பில் போடவே கூடாதவை: பிளாஸ்டிக், வண்ணம் அல்லது வார்னிஷ் பூசிய மரம், பிளைவுட், பளபளப்பான அச்சுத்தாள், பூச்சி அரிக்காமலிருக்க மருந்தேற்றிய மரம். மருந்தேற்றிய பழைய மரங்கள் சிலவற்றில் ஆர்சனிக் இருக்கும். எரித்தால் அது புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத பலகைத் துண்டை எரிக்காதீர்கள்.

படி 3: தீ மூட்டும் முன்

நேற்றைய சாம்பலை அள்ளி, காற்று நுழையும் துளைகளைத் திறந்துவிடுங்கள். கதவு வைத்த அடுப்பாக இருந்தால் அடியில் இரண்டு சென்டிமீட்டர் சாம்பலை விட்டுவைக்கலாம். அது தணலின் சூட்டைப் பிடித்து வைக்கும். புகைபோக்கியில் தகடு இருந்தால் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஜன்னலையும் திறந்து வையுங்கள். தீ உறிஞ்சும் காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டுமல்லவா?

படி 4: பற்ற வையுங்கள்

கீழே காகிதம், அதன் மேல் சுள்ளி, அதற்கும் மேல் கட்டை என்று குவித்து அடியில் தீ வைப்பதே பெரும்பாலோரின் வழக்கம். அதில் மேலேயிருக்கும் கட்டை, தான் பற்றுவதற்கு முன்பே சூடேறிப் புகையைக் கக்கத் தொடங்கிவிடும். அந்தப் புகையை எரிக்க அதற்கு மேலே சுடர் கிடையாது.

கதவு வைத்த அடுப்பில் இதைத் தலைகீழாக்குங்கள். பெரிய கட்டைகள் அடியில், இடையே விரல் நுழையும் இடைவெளி விட்டு. அவற்றின் மேல் சிறிய பிளவுகள், குறுக்கும் நெடுக்குமாக. உச்சியில் சுள்ளியும் சிராயும். தீயை உச்சியில் வையுங்கள். அது மெழுகுவத்தி போல மேலிருந்து கீழே இறங்கும். கீழிருந்து எழும் வாயு சுடரைத் தாண்டித்தான் போக வேண்டியிருப்பதால் வழியிலேயே எரிந்துவிடும். முதல் தடவை செய்யும்போது "இது பற்றாது" என்றுதான் தோன்றும். கலைக்காமல் பத்து நிமிடம் பொறுங்கள்.

பக்கவாட்டில் விறகு தள்ளும் சமையல் அடுப்பில் அவ்வளவு அடுக்க இடமிருக்காது. அங்கே நன்றாகக் காய்ந்த சுள்ளிகளை ஒரு கைப்பிடி எரியவிட்டு, அது கொழுந்துவிட்ட பிறகே விறகை நீட்டுங்கள்.

படி 5: நுனி மட்டும் எரியட்டும்

விறகை மொத்தமாக உள்ளே திணித்தால் கட்டை முழுவதும் ஒரே நேரத்தில் சூடேறி, சுடர் எரிக்க முடிவதைவிட அதிகமாக வாயுவைக் கக்கும். நுனி மட்டும் தீயில் இருந்தால், எரிய முடிந்த அளவு வாயுதான் வரும். நுனி கரியானதும் ஓர் அங்குலம் தள்ளிவிடுங்கள். 1980களில் ராக்கெட் அடுப்பை வடிவமைத்த லாரி வினியார்ஸ்கி இந்த விதியை வலியுறுத்தினார். அந்த அடுப்பில் விறகு ஒரு தட்டின் மேல் கிடக்கும். தட்டுக்கு அடியில் காற்று நுழைந்து, எரியும் நுனிக்கு நேராகப் போய்ச் சேரும். உங்கள் அடுப்பு எதுவானாலும் இதைச் செய்யலாம்: அடுப்பு வாயில் கம்பியையோ தகட்டையோ குறுக்கே வைத்து, அதன் மேல் விறகைக் கிடத்துங்கள். அடியில் மூன்றில் ஒரு பங்கு உயரம் காற்றுக்கென்றே காலியாக இருக்கட்டும்.

ஊதுகுழலை அளவோடு பயன்படுத்துங்கள். தணலின் அடியில் மெல்ல நீளமாக ஊதினால் சூடு ஏறி, தொங்கிக்கொண்டிருக்கும் புகை 'பக்' என்று சுடராக மாறும். பலமாக ஊதினால் சாம்பல்தான் பறக்கும். அடிக்கடி ஊத வேண்டியிருந்தால் விறகு ஈரம், அல்லது காற்று வழி அடைத்திருக்கிறது. ஊதுவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

தீயைக் குறைக்க என்ன செய்வது? 'எரிவதை இழுத்தால் கொதிப்பது அடங்கும்' என்ற பழமொழி இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும். ஒரு விறகை வெளியே இழுத்து அணையுங்கள், மற்றவை சுடர்விட்டே எரியட்டும். காற்றை அடைத்துத் தீயை மங்க வைக்காதீர்கள். இரவெல்லாம் தாங்கட்டும் என்று கட்டைகளை நிரப்பிக் காற்றுத் துளையை மூடிவிடுவது, விறகடுப்பில் செய்யக்கூடிய மிக அழுக்கான வேலை.

படி 6: சூட்டைப் பாத்திரத்துக்குக் கொடுங்கள்

சுடரின் மேல் பகுதி பாத்திரத்தின் அடியைத் தொட வேண்டும். பாத்திரம் தணலுக்கு மிக அருகில் இருந்தால் சுடர் எரிந்து முடிவதற்குள் குளிர்ந்த உலோகத்தில் மோதி அணைந்து கரியாகப் படியும். மிக உயரத்தில் இருந்தால் சூடு பக்கவாட்டில் ஓடிவிடும். பாத்திரத்தைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுத் தகட்டு வளையம் ஒன்று வைத்தால், ஓடும் சூடு பக்கங்களையும் தடவிக்கொண்டு போகும். மூடி போடுங்கள்.

புகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்

மூட்டிய பதினைந்து நிமிடத்துக்குப் பிறகு வெளியே போய்ப் புகைபோக்கியின் உச்சியைப் பாருங்கள். சூட்டில் காற்று நெளிவது மட்டும் தெரிந்தால் எல்லாம் சரி. அடர்ந்த வெள்ளையாக எழுந்து சற்று தூரத்திலேயே மறைந்துவிட்டால் அது நீராவி; விறகில் ஈரம். நீலச் சாம்பல் நிறத்தில் இழுத்துக்கொண்டு போனால் தீயில் சூடோ காற்றோ போதவில்லை. கறுப்பாக வந்தால் அளவுக்கு மீறித் திணித்திருக்கிறீர்கள், அல்லது எரிக்கக் கூடாத எதையோ எரிக்கிறீர்கள்.

எரியாத புகை குளிர்ந்த குழாயில் தார் போலப் படியும். கிரியோசோட் எனப்படும் அந்தப் படிவம் தீப்பற்றினால் புகைபோக்கியே எரியும். படிவு 3 மில்லிமீட்டரைத் தொடும் முன் தேய்த்து எடுக்க வேண்டும். அன்றாடம் எரிக்கும் வீட்டில் வருடத்துக்கு ஒருமுறையாவது தூரிகை விட்டுச் சுத்தம் செய்வது கட்டாயம்.

தணலும் சாம்பலும்

சுடர் அடங்கித் தணல் மட்டும் கனியும்போது புகை இருக்காது. அதனாலேயே ஆபத்து இல்லை என்று தோன்றும். ஆனால் அப்போது கார்பன் மோனாக்சைடு நிறைய வருகிறது. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. மூடிய அறையில் தணலை வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். அடுப்பருகே தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் எல்லோரையும் அழைத்துக்கொண்டு உடனே வெளியே போங்கள்; பிறகுதான் மற்றதெல்லாம். இந்த வாயுவைக் கண்டு ஒலியெழுப்பும் கருவிகள் விற்கிறார்கள். வாங்கி மாட்டுங்கள்.

ஒருமுறை, தொட்டால் சில்லென்று இருந்த சாம்பலை அட்டைப்பெட்டியில் அள்ளிச் சுவரோரம் வைத்தேன். விடிந்து பார்த்தபோது பெட்டியின் அடியில் உள்ளங்கையகலம் கருகிப் போயிருந்தது, சுவரிலும் கறை. சாம்பலுக்கு நடுவே கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கங்கு இரவெல்லாம் உயிரோடு இருந்திருக்கிறது. சாம்பல் ஒரு நல்ல போர்வை, கங்கை நாள் கணக்கில் காத்து வைக்கும். எனவே மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே வெறுந்தரையிலோ கல்லிலோ வையுங்கள். நான்கு நாள் கழித்துக் குச்சியால் கிளறி, எங்கும் சூடில்லை என்று உறுதியான பிறகு தோட்டத்து மண்ணில் மெல்லியதாகத் தூவலாம். சாம்பலில் சாம்பல் சத்து எனப்படும் பொட்டாசியம் உண்டு. காரத்தன்மையும் அதிகம் என்பதால், ஒரே செடியின் அடியில் குவிக்காமல் பரவலாகத் தூவுங்கள்.