வீட்டுக் கம்ப்யூட்டரில் சில தளங்களை அடைப்பது எப்படி?

ஒத்தக்கடையில் அண்ணன் வீட்டு ஹாலில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். பகலில் அப்பத்தா கோயில் பூஜை பார்ப்பார், சாயங்காலம் மதினி கணக்கு எழுதுவார், இடையில் எட்டாவது படிக்கும் பையன். "தம்பி, புஸ்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு கேம்தான் ஆடுறான். என்னத்தையாவது பூட்டிட்டுப் போங்க" என்றார் மதினி. அன்றைக்குச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். விண்டோஸ் 11-க்கான வழி இது. பத்திலும் வேலை ஒன்றுதான், மெனு மட்டும் கொஞ்சம் மாறும்.

முதலில் பையனுக்குத் தனிக் கணக்கு

பலரும் தாண்டிப்போகும் இடம் இது. எல்லாரும் ஒரே அட்மின் கணக்கில் (எதையும் மாற்ற உரிமை உள்ள கணக்கு) உட்கார்ந்தால், நாம் அடைத்ததை அடுத்த நிமிடமே அவன் திறந்துவிடுவான். பூட்டைப் போட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட மாதிரி.

செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் என்று போய் 'ஆட் அக்கவுண்ட்' அழுத்துங்கள். மின்னஞ்சல் கேட்கும். அந்த விவரம் இல்லை என்று கீழே இருக்கும் வரியைத் தட்டினால், அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமலே சேர்க்க வழி வரும். புதுக் கணக்கு 'ஸ்டாண்டர்ட் யூசர்' என்றுதான் உருவாகும்; அப்படியே விடுங்கள். பழைய கணக்கின் பின் நம்பரைக் கையோடு மாற்றிவிடுங்கள். மதினி வீட்டில் அது காலண்டர் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தது!

ஆபாசத் தளங்களுக்கு: டிஎன்எஸ்

ஒரு தளத்தின் பெயரை அடித்ததும் கம்ப்யூட்டர் டிஎன்எஸ் சர்வரிடம் அதன் ஐபி முகவரியை, அதாவது எண்ணாலான விலாசத்தை, கேட்கும். ஊருக்குப் புதியவர் பஸ் ஸ்டாப் டீக்கடையில் வழி கேட்பது போலத்தான். "அப்படி ஒரு வீடே இங்க இல்லையே" என்று சொல்லும் டீக்கடையாகப் பார்த்துக் கேட்க வைத்தால் வேலை முடிந்தது. கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020-இல் அப்படி ஒரு இலவச சேவையைத் தொடங்கியது.

செட்டிங்ஸில் நெட்வொர்க், வைஃபை, 'ஹார்ட்வேர் ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள். டிஎன்எஸ் வரியில் 'எடிட்' தட்டி, 'மேனுவல்' ஆக்கி, ஐபிவி4-ஐ (பழைய வகை ஐபி முகவரி) ஆன் செய்து அந்தச் சேவையின் முகவரிகளை இடுங்கள்:

1.1.1.3
1.0.0.3

இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். இணைப்பில் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) இருந்தால் கேள்வி அந்தப் பக்கமாகப் போய்விடும். அதையும் ஆன் செய்து இவற்றைச் சேருங்கள்:

2606:4700:4700::1113
2606:4700:4700::1003

அப்புறம் குரோமில் பிரைவசி, செக்யூரிட்டி பகுதியில் 'செக்யூர் டிஎன்எஸ்' என்பதைப் பையனின் கணக்கில் ஆஃப் செய்யுங்கள். அதில் வேறு சர்வர் வைத்திருந்தால் பிரவுசர் நம் டீக்கடையைத் தாண்டிப் போய்விடும். இதை மறுபடி ஆன் செய்ய அவனால் முடியும் என்பதால், எப்போதாவது ஒரு கண் வையுங்கள்.

கேம் தளத்துக்கு: ஹோஸ்ட்ஸ் ஃபைல்

கேம் தளங்கள் மேலே சொன்னதில் அடைபடாது. அவற்றின் பெயரை நாமே எழுத வேண்டும். டீக்கடையில் கேட்கும் முன்பு விண்டோஸ் தன் சட்டைப்பையில் இருக்கும் ஒரு துண்டுச்சீட்டைப் பார்க்கும். அதுதான் இந்த ஃபைல்.

அட்மின் கணக்கில் ஸ்டார்ட் மெனுவில் நோட்பேடைத் தேடி, ரைட் கிளிக் செய்து, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுங்கள். சாதாரணமாகத் திறந்தால் சேமிக்க விடாது. ஃபைல், ஓப்பன் போய், சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று ஃபோல்டர் ஃபோல்டராக உள்ளே இறங்குங்கள். காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கீழே 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுத்தால் ஹோஸ்ட்ஸ் தெரியும். கடைசி வரிக்குக் கீழே 0.0.0.0 (எங்கும் கொண்டுபோகாத முகவரி), ஓர் இடைவெளி, தள முகவரி என்று எழுதுங்கள். முன்னால் மூன்று டபிள்யூ போட்டு அடுத்த வரியில் இன்னொரு முறை. இது வேறு பெயராகக் கணக்கு.

'சேவ் அஸ்' பக்கம் போகாமல் வெறும் 'சேவ்' கொடுங்கள். நான் 'சேவ் அஸ்' கொடுத்து, ஃபைல் பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டு, அரை மணி நேரம் ஒன்றும் அடைபடவில்லை. "என்ன சித்தப்பா, இன்னும் ஓடுதே" என்று பின்னால் நின்று சிரித்தான் பையன்.

பிரவுசரை முழுக்க மூடித் திறந்து சோதியுங்கள். அப்படியும் தளம் வந்தால் ஒருமுறை ரீஸ்டார்ட்.

இவ்வளவும் இந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். கையில் போன் இருந்தால் அது தனிக் கதை.

திரும்பத் திறக்க வேண்டுமென்றால் வரியை அழிக்க வேண்டாம், முன்னால் # போட்டால் போதும். காலாண்டு லீவுக்கு ஒரு # போட்டுத் தருவதாக மதினி ஒப்புக்கொண்டிருக்கிறார்.