கர்லில் பெயரை ஐபிக்குத் திருப்பும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி கர்ல் (டெர்மினலிலிருந்தே வெப் முகவரியை அழைக்கும் கருவி) கமாண்ட் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார். பின்னால் நின்று பார்த்தேன். சில வருஷங்களுக்கு முன் நான் அடித்து மாட்டிக்கொண்ட அதே வரி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஐபியை அடித்து ஹோஸ்ட் ஹெடரை ஒட்டுவது

சைட்டைப் புது சர்வருக்கு மாற்றப் போகிறீர்கள். டொமைன் பெயருக்கு ஐபி முகவரியைச் சொல்லும் டிஎன்எஸ் இன்னும் பழைய ஐபியைத்தான் காட்டுகிறது. மாற்றுவதற்கு முன் புது சர்வரைச் சோதிக்க, பலரும் ஹெச்டிடிபிஎஸ் முகவரியில் 203.0.113.10 என்று ஐபியையே போட்டு, மைனஸ் பெரிய எச் கொடுத்து, எந்த சைட் வேண்டும் என்று சர்வருக்குச் சொல்லும் ஹோஸ்ட் ஹெடரைச் சேர்க்கிறார்கள்.

வெறும் ஹெச்டிடிபிக்கு இது போதும். ஹெச்டிடிபிஎஸ்ஸுக்குப் போதாது. எந்தச் சர்டிஃபிகேட்டைக் கொடுப்பது என்பதை சர்வர் டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்கில் (என்க்ரிப்ஷனைத் தொடங்கும் முதல் பேச்சு) வரும் எஸ்என்ஐ, அதாவது கேட்கப்படும் டொமைன் பெயரைப் பார்த்து முடிவு செய்கிறது. ஹோஸ்ட் ஹெடர் அதற்கப்புறம்தான் போய்ச் சேரும். முகவரியில் ஐபி இருந்தால் எஸ்என்ஐ போகவே போகாது. சர்வர் தன் டீஃபால்ட் சர்டிஃபிகேட்டைக் கொடுக்கும், பெயர் பொருந்தாது, கர்ல் 60ஆம் எண் எர்ரரோடு நின்றுவிடும்.

உடனே கை, சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்காதே என்று சொல்லும் மைனஸ் கே-க்குப் போகும். எனக்கும் போனது. 200 (எல்லாம் சரி என்ற பதில் எண்) வந்தது, பக்கமும் வந்தது, ‘எல்லாம் ரெடி’ என்று கஸ்டமருக்குச் சொல்லிவிட்டேன். ராத்திரி டிஎன்எஸ்ஸை மாற்றியதும் பிரௌசர் முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. அந்த டொமைனுக்கென்று புது சர்வரில் வைத்திருந்த சர்டிஃபிகேட் எப்போதோ காலாவதியாகியிருந்தது. டிஎன்எஸ் பதிலைப் பிடித்துவைத்திருக்கும் நேரமான டிடிஎல் 3600 விநாடி. பழைய ஐபிக்கே திருப்பியும், புது ஐபியைப் பிடித்துவைத்திருந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் சைட் திறக்கவில்லை. மைனஸ் கே போட்டுச் சோதித்தால் அது சோதனையே இல்லை. இன்றும் யாராவது அதை அடிப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இதற்காகவே ரிசால்வ் என்ற ஆப்ஷன் இருக்கிறது, 2010இல் வந்த 7.21.3 பதிப்பிலிருந்தே. டொமைன் பெயர், கோலன், 443, கோலன், புது ஐபி என்று அதற்குக் கொடுங்கள். முகவரியில் வழக்கம்போல் பெயரையே எழுதுங்கள். எஸ்என்ஐ, சர்டிஃபிகேட், ஹோஸ்ட் ஹெடர் மூன்றும் சரியாகப் போகும், கனெக்‌ஷன் மட்டும் நீங்கள் சொன்ன ஐபிக்கு.

இதிலும் ஓட்டைகள் உண்டு. 443க்குக் கொடுத்தது 80க்குச் செல்லாது. டபிள்யூடபிள்யூடபிள்யூ போட்ட பெயருக்குத் தனியாக ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் மைனஸ் பெரிய எல் போட்டு ரீடைரக்டைப் பின்தொடரும்போது, கர்ல் சத்தமில்லாமல் பழைய சர்வருக்குப் போய் 200 வாங்கி வரும். என்விரான்மென்ட்டில் ஹெச்டிடிபி ப்ராக்ஸி (உங்களுக்காக இடையில் நின்று கேட்டுத் தரும் சர்வர்) இருந்தால் பெயரைத் தேடுவது ப்ராக்ஸிதான், உங்கள் ரிசால்வ் கணக்கிலேயே வராது. மைனஸ் வி போட்டு எந்த ஐபிக்குக் கனெக்ட் ஆனது என்ற வரியைக் கண்ணால் பாருங்கள்.

டிக் காட்டும் ஐபிக்குத்தான் பிங்கும் போகும் என்று நம்புவது

டிக் என்ற பெயர் தேடும் கருவி நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும், உங்கள் மெஷினிலேயே பெயரையும் ஐபியையும் எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பிங், எஸ்எஸ்ஹெச், கர்ல் எல்லாம் பொதுவாக சிஸ்டத்தின் ரிசால்வர் (ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் பார்த்துப் பெயரைத் தேடும் பகுதி) வழியாகப் போகின்றன. லினக்ஸில் அவற்றுக்கு என்ன பதில் கிடைக்கும் என்று தெரிய கெட்என்ட் ஏஹோஸ்ட்ஸ் அடியுங்கள்.

சாக்ஸ்5, சாக்ஸ்5எச் இரண்டும் ஒன்று என்று நினைப்பது

இவை கர்லுக்கு ப்ராக்ஸி முகவரியைக் கொடுக்கும் இரண்டு விதங்கள். எச் இல்லையென்றால் பெயரை உங்கள் மெஷினே தேடும். அலுவலகத்துக்குள் மட்டும் இருக்கும் பெயர் கிடைக்காது, நீங்கள் எதைத் தேடுகிறீர்கள் என்பதும் உங்கள் டிஎன்எஸ் சர்வருக்குத் தெரிந்துவிடும்.

ஐபிடேபிள்ஸ் லிஸ்ட் நகர மாட்டேன் என்கிறதா?

லினக்ஸின் இந்த ஃபயர்வால் கருவிக்கு மைனஸ் என் போடுங்கள். ஒவ்வொரு ஐபிக்கும் பெயர் தேடிக்கொண்டிருக்கிறது.

ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதிவிட்டு மறப்பது

வேலை முடிந்த அன்றே அந்த வரியை அழியுங்கள்.