கப்பலிலிருந்து கொக்குவில் வரை பின்னோக்கி எண்ணுங்கள்

அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது நிறைந்தபோது ரொறன்ரோவில் இருக்கும் அக்கா போனில் சொன்னார்: "மண்டபம் எடுத்து ஊருக்குச் சாப்பாடு போடுறதை விட்டிட்டு, எல்லாருமாச் சிங்கப்பூரிலை கப்பல் ஏறுவம்." லண்டனில் இருக்கும் தம்பி உடனே ஓம் என்றான். ரிக்கெற் பார்க்கும் வேலை யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கும் என் தலையில் விழுந்தது. தபாற்கந்தோரில் காலம் கழித்தவனுக்கு நேரம் பார்ப்பதும் பட்டியல் போடுவதும் வரும் என்பது அவர்களின் எண்ணம். பதினொரு பேர், மூன்று நாடு, ஒரு கப்பல். இரண்டு பிழை விட்டேன். அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் கப்பல், பிறகுதான் விமானம். மலிவாக இருக்கிறதே என்று விமானத்தை முந்தி வாங்கிவிட்டு, அந்தத் திகதிக்குக் கப்பல் தேடாதீர்கள். கப்பலில் இடம் உறுதியானதும் ஒரு கொப்பியை எடுத்து, கப்பல் புறப்படும் மணியைக் கடைசி வரியில் எழுதி, அங்கிருந்து மேல்நோக்கிப் போங்கள். எங்கள் கப்பல் ஞாயிறு மாலை 5 மணிக்குச் சிங்கப்பூரின் மரினா பே துறையிலிருந்து புறப்பட இருந்தது. பயணிகளைப் பதியும் மேசையை மூன்றரைக்கே மூடிவிடுவார்கள். விமானம் பிந்தினால் அடுத்த விமானம் இருக்கும், கப்பலுக்கு அடுத்தது இல்லை. ஆகவே கப்பல் புறப்படும் அன்றைக்கே போய் இறங்கும் விமானத்தைத் தொடவே வேண்டாம். எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். சனிக்கிழமை காலை சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்குவது என்று வைத்துக்கொண்டோம்.

அதற்கு மேலே உள்ள வரியில்தான் பலர் வழுக்குவார்கள். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய நாலு மணிநேரம், அங்கே நம்மைவிட இரண்டரை மணி முந்தி. காலை ஏழரைக்கு இறங்கும் விமானம் நள்ளிரவு தாண்டிப் புறப்படுகிறது. ரிக்கெற்றில் 'சனி 00.50' என்று இருக்கும். சனி இரவு என்று நினைத்து நின்றால் விமானம் முந்தின இரவே போயிருக்கும். வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் கட்டுநாயக்காவில் நிற்கவேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் எட்டு மணிநேரம் என்று வையுங்கள், தேத்தண்ணிக்கும் அம்மாவின் காலை நீட்டுவதற்கும் இன்னும் இரண்டு. ஆக, 'சனிக்கிழமை' ரிக்கெற்றுக்கு நாங்கள் வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீட்டுப் படலையைச் சாத்தினோம். இரவு பஸ்ஸும் இருக்கிறது, காசும் மிச்சம். ஆனால் பெட்டிகளோடும் வயதானவரோடும் நான் அதைச் செய்யமாட்டேன்.

யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலியிலிருந்து போகலாமே என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டிலிருந்து பலாலி கூப்பிடு தூரம், 2024 செப்டெம்பரிலிருந்து இண்டிகோ விமானமும் சென்னைக்குப் பறக்கிறது. ஆனால் யாழ்ப்பாணம்–சென்னை ஒரு ரிக்கெற், சென்னை–சிங்கப்பூர் வேறொரு ரிக்கெற் என்று தனித்தனியாக எடுத்தால், சென்னையில் வெளியே வந்து பெட்டியை எடுத்துத் திரும்பப் போடவேண்டும். அதற்கு இந்திய விசா வேண்டும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை. முழுப் பயணமும் ஒரே பதிவாகக் கிடைத்து, பெட்டி நேரே சிங்கப்பூர் போகும் என்று எழுத்தில் தந்தால் மட்டும் யோசியுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தங்களின் கணக்கு வேறு. ரொறன்ரோவிலிருந்து சிங்கப்பூருக்கு எங்கோ ஓரிடத்தில் மாறித்தான் வரவேண்டும். கோடையில் பன்னிரண்டு மணி வித்தியாசம். வெள்ளி இரவு ஏறினால் ஞாயிறு காலைதான் இறங்குவார்கள். அக்கா குடும்பம் சனிக்கிழமை எங்களோடு நிற்கவேண்டுமென்றால் வியாழன் இரவு ஏறவேண்டும். இதை விளங்கப்படுத்த எனக்கு மூன்று வட்ஸ்அப் அழைப்பு ஆனது. அவர்கள் பிறகு ஊருக்கும் வர இருந்ததால், ரொறன்ரோ–சிங்கப்பூர், சிங்கப்பூர்–கொழும்பு, கொழும்பு–ரொறன்ரோ என்று 'மல்டி சிற்றி' முறையில் எடுக்கச் சொன்னேன். தனித்தனி ஒருவழி ரிக்கெற்றுகளின் கூட்டுத்தொகையையும் ஒருக்கால் பாருங்கள். எங்களுக்கு மல்டி சிற்றிதான் குறைவாக வந்தது.

திகதி பார்க்கும்போது நல்லூர்க் கந்தனை மறக்காதீர்கள். கொடியேறி இருபத்தைந்து நாள் திருவிழா, கனடா லண்டன் பள்ளிக்கூட விடுமுறையும் அதே காலம். கொழும்புக்கு வரும் விமானங்கள் நிறைந்து விலை ஏறும். அதோடு, தேரும் தீர்த்தமும் பார்க்காமல் அம்மா கப்பல் ஏறமாட்டார். தீர்த்தத்துக்குப் பிறகு வரும் பூங்காவனமும் முடிந்த கிழமையை எடுத்தோம்.

இனிப் பெயர். இதில்தான் என் முதல் பிழை. பட்டணத்தில் ஒரு முகவரிடம் அம்மாவின் ரிக்கெற்றைக் கொடுத்தேன். எங்கள் வழக்கப்படி முன்னெழுத்தோடு பெயரைச் சொன்னேன், அவர் அப்படியே முன்னெழுத்தைத் தட்டிவிட்டார். கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முழுதாகக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருக்கிறது. திருத்தக் காசு கேட்டார்கள், கட்டினேன். கடிதத்தில் பெயர் பிழைத்தால் கடிதம் திரும்பி வரும், இங்கே ஆளே திரும்பவேண்டும். யாரிடமும் வாயால் பெயர் சொல்லாதீர்கள். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரி இருக்கும், அதைப் பார்த்து எழுத்தெழுத்தாய்ப் பதியுங்கள். கப்பல் பதிவிலும் அதே எழுத்து, அதே ஒழுங்கு. எங்கள் வீடுகளில் தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், பிள்ளைக்குத் தகப்பனின் பெயர், மனைவிக்குச் சிலவேளை அவளுடைய தகப்பனின் பெயர். வெள்ளைக்காரனின் கணினிக்கு நாங்கள் ஒரு குடும்பமாகவே தெரியமாட்டோம். இயன்றவரை எல்லாரையும் ஒரே பதிவு எண்ணில் போடுங்கள். முடியாவிட்டால் விமான நிறுவனத்துக்கு போன் எடுத்து இரண்டு பதிவையும் இணைத்துக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்.

ஒரே பதிவில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. மலிவு விலையில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், நாலு பேருக்குத் தேடும்போது நாலு பேருக்கும் கூடிய விலையையே காட்டும். முதலில் ஒருவருக்குத் தேடுங்கள், பிறகு நாலு பேருக்கு. தலைக்கு விலை வித்தியாசப்பட்டால் பிரித்து எடுக்கலாம். ஆனால் விமானம் ரத்தானால் பிரிந்த பதிவுகளை வேறு வேறு விமானத்தில் போட்டுவிடவும் கூடும். அம்மாவையும் என்னையும் நான் பிரிக்கவில்லை.

தம்பியின் சின்ன மகளுக்குப் பயணத்தின் நடுவில் இரண்டு வயது. இரண்டு வயதுக்குக் கீழே மடியில் வைத்துப் போகலாம், பெரும்பாலும் பெரியவரின் கட்டணத்தில் பத்திலொரு பங்குதான். போகும்போது மடி, வரும்போது தனி இருக்கை. முதலே சொல்லி எடுத்தால் சண்டை இல்லை. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையைக் கப்பல்காரர் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். தம்பியின் கார்ட்டில் எங்கள் ரிக்கெற்றையும் எடுத்தால், சில நிறுவனங்கள் அந்தக் கார்ட்டைக் காட்டச் சொல்லும். கார்ட் லண்டனில் இருந்தால் என்ன செய்வது? முதலே கேளுங்கள். அம்மாவுக்கு வீல்செயர் வேண்டும் என்று பதியும்போதே சொல்லி, படி ஏற ஏலாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கு வேறு குறியீடு, வேறு உதவி.

விசாவில் ஊர் ஆட்களும் வெளிநாட்டு ஆட்களும் ஒன்றல்ல. இலங்கைக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூருக்கு முன்விசா இல்லாமல் போகலாம். வந்திறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பவேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் அரசினுடையதல்ல. ஆனால் எங்கள் கப்பல் பினாங்கைத் தொட்டது, மலேசியாவுக்கு எங்களுக்கு விசா வேண்டும். அக்காவுக்கும் அத்தானுக்கும் கனேடியக் கடவுச்சீட்டு, அவர்களுக்குத் தேவையில்லை. இறங்காமல் கப்பலிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்து விசா எடுக்காமல் போனால், பதியும் மேசையிலேயே மறித்துவிடலாம். எல்லாருடைய கடவுச்சீட்டிலும் திரும்பி வரும் நாளுக்குப் பிறகு ஆறு மாதம் இருக்கிறதா என்று பாருங்கள். பிள்ளைகளின் கடவுச்சீட்டுக்கு ஆயுள் குறைவு, அதுதான் முதலில் காலாவதியாகும். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கடவுச்சீட்டுக் கந்தோர் வந்தபின் அதற்காகக் கொழும்புக்கு ஓடும் வேலை இல்லை.

என் இரண்டாவது பிழை திரும்பி வரும் பயணத்தில். கப்பல் காலை ஏழு மணிக்குக் கரை சேரும் என்று கண்டு, தம்பி குடும்பத்துக்குப் பத்தரை விமானத்தை எடுத்தேன். கரை சேர்வது வேறு, கரையில் கால் வைப்பது வேறு. பெட்டிகளை முதல்நாள் இரவே அறை வாசலில் வைத்தால் அவை முறைப்படிதான் வந்து சேரும். குடிவரவு வரிசை, பிறகு சாங்கிக்கு அரை மணிநேர டாக்சி, அங்கே மூன்று மணிநேரம் முந்தி நிற்கவேண்டும். தம்பி பெட்டிகளைத் தானே இழுத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கி ஓடினான். குழந்தையோடு ஓடியதை இன்னும் சொல்லிக் காட்டுகிறான். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு புறப்படும் விமானத்தையே எடுங்கள்.

முந்தின இரவு தங்க செரங்கூன் வீதிப் பக்கம் அறை எடுத்தோம். வீரமாகாளியம்மன் கோயில் நடந்துபோகும் தூரம், அம்மாவுக்கு இட்டலியும் கிடைத்தது. பயணக் காப்புறுதி எடுக்கும்போது கப்பலைத் தவறவிட்டாலும் காசு கிடைக்குமா என்ற வரியைத் தேடிப் படியுங்கள். எல்லாக் காப்புறுதியிலும் அது இல்லை.

இன்னொன்று. அம்மாவின் வெற்றிலைப் பையைப் படலையில் வைத்தே வாங்கிவிட்டேன். சிங்கப்பூருக்குள் மெல்லும் புகையிலை கொண்டுபோகத் தடை, யாழ்ப்பாணப் புகையிலைக்கும் விலக்கு இல்லை. வவுனியா தாண்டும்வரை அம்மா என்னோடு கதைக்கவில்லை.