காது கேளாதோருக்கான அறிவியல் மைய ஆப்: இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அறிவியல் மையங்களுக்குச் சைகை மொழி வீடியோ, ஆப் என்று செய்துதரப் புதிதாக வரும் குழுக்கள், எங்களைப் போன்றவர்கள் எப்போதோ விழுந்து எழுந்த குழிகளிலேயே போய் விழுகிறார்கள். எழுத்து சின்னதாக இருக்கிறது, பட்டன் தெரியவில்லை என்பதெல்லாம் யாராவது சொன்னால் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

ஒரே கண்ணுக்கு இரண்டு வேலை கொடுப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான், பணமும் இதில்தான் போகிறது. காது கேட்பவர் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டே பொருளைப் பார்ப்பார். கேளாதவருக்கு விளக்கமும் கண் வழியாகத்தான், பொருளும் கண் வழியாகத்தான்.

ஒரு மையத்தில், உருண்டையில் மின்னூட்டம் சேர்த்துப் பொறி பறக்கவிடும் வேன் டி கிராஃப் இயந்திரத்துக்கு நிற்காமல் ஓடும் நீளமான வீடியோ செய்திருந்தார்கள். நல்ல கேமரா, நல்ல சைகைக்காரர், எல்லாம் சரி. பள்ளிப் பிள்ளைகள் போனையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது உருண்டையிலிருந்து பொறி பாய்ந்தது. பக்கத்தில் நின்றவர்கள் 'சடக்' சத்தத்துக்காவது திரும்பினார்கள், இவர்களுக்கு அதுவும் இல்லை. ஒரு பெண் நிமிர்ந்தபோது ஆபரேட்டர் சுவிட்சை அணைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் முழுதையும் மறுபடி ஷூட் செய்தார்கள், ஏனென்றால் ஒரே மூச்சில் எடுத்ததை நடுவில் வெட்டினால் சைகை பாதியில் அறுந்துவிடும்.

முதலிலேயே துண்டு துண்டாக எடுங்கள். பெல்ட் மின்னூட்டத்தை மேலே கொண்டுபோய் உருண்டையில் சேர்க்கிறது என்பது ஒரு துண்டு. 'இப்போது மேலே பாருங்கள்' என்று காட்டியதும் வீடியோ தானாக நிற்க வேண்டும், பிள்ளை திரையைத் தொட்டால்தான் அடுத்தது. பூமி சுழல்வதைக் காட்டும் ஃபூக்கோ ஊசலுக்கு இந்த அவசரம் இல்லை, சென்னையில் அதன் ஊசலாடும் தளம் ஒரு மணி நேரத்துக்கு மூன்றரை டிகிரிகூடத் திரும்பாது, ஆற அமரப் பார்க்கலாம்.

அப்புறம் கை. போனைப் பிடித்துக்கொண்டே, உருண்டையைத் தொட்டு நிற்பவனைக் காட்டி 'இவனுக்கு ஏன் முடி நட்டுக்கொண்டு நிற்கிறது' என்று தோழியிடம் சைகையில் கேட்டுப் பாருங்கள், தெரியும். பொருளுக்குப் பக்கத்திலேயே, பிள்ளைகளின் கண் உயரத்தில், போன் வைக்க ஒரு ஸ்டாண்டு போடுங்கள்.

பலகையில் உள்ளதை அப்படியே போனில் ஏற்றுவது

சைகை மொழியிலேயே வளர்ந்த பலருக்குத் தமிழ் இரண்டாம் மொழி. பலகையில் புரியாத பத்தி போனில் மட்டும் புரிந்துவிடுமா?

அமெரிக்கச் சைகை வீடியோவை எடுத்து ஒட்டுவது

அது வேறு மொழி. இந்தியச் சைகை மொழிக்கென்று 2015இல் டெல்லியில் தொடங்கிய ஆய்வு, பயிற்சி மையத்தின் அகராதி 2021இலேயே 10,000 சொற்களைத் தொட்டுவிட்டது. அதில் கிடைக்காத கலைச்சொல்லுக்கு நீங்களாகச் சைகை கண்டுபிடிக்காதீர்கள், காது கேளாத ஆசிரியர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள், அதற்குச் சம்பளமும் கொடுங்கள்.

முகம் அசையாத கார்ட்டூன் பொம்மை

சைகை காட்ட அது வேண்டாம். சைகை மொழியில் புருவ அசைவும் இலக்கணம்.

ஒலி அரங்கைத் தாண்டிப் போகச் சொல்வது

இதைவிட அபத்தம் இல்லை. ஒலியில் அதிரும் கிளாட்னி தட்டில் தூவிய மணல், தட்டு அசையாத இடங்களில் போய்க் கோலமாகச் சேர்வதைப் பார்க்கக் காது எதற்கு? ஸ்பீக்கரில் கை வைத்தால் அதிர்வும் தெரியும்.

வைஃபையை நம்புவது

வீடியோ எல்லாவற்றையும் டிக்கெட் கவுண்டரிலேயே இறக்கிக்கொள்ள வழி செய்யுங்கள்.