விலா எலும்புத் துண்டிலிருந்து வயதை எண்ணுவது எப்படி?

எலும்பு ஒருமுறை உருவானதும் அப்படியே இருந்துவிடுவதில்லை. எலும்பை அரிக்கும் செல்கள் சுரங்கம் தோண்டிக்கொண்டே முன்னே போகும். பின்னால் வரும் செல்கள் அதை வளையம் வளையமாகப் பூசி அடைத்து, நடுவில் ரத்தக்குழாய்க்கு மட்டும் வழி விடும். இந்தக் குழல்தான் ஆஸ்டியான்; நடுத்துளை ஹேவர்சியன் கால்வாய். வயது ஏற ஏற ஆஸ்டியான்கள் பெருகும். அவற்றை எண்ணி, இறந்தபோது வயது என்ன என்று கணிக்கிறோம்.

1965-இல் மானுடவியலாளர் எல்லிஸ் கெர்லி கால் எலும்புகளில் இதைச் செய்தார். புதிதாகப் பழகுவோருக்கு விலா எலும்பே வசதி: குறுக்குவெட்டு சிறியது, உடல் எடையையும் தாங்குவதில்லை.

1. வெட்டினால் எலும்பு திரும்பி வராது. அனுமதி, அளவு, புகைப்படம் எல்லாம் முதலில். பிறகு ஆறாவது விலாவின் நடுப்பகுதியில் ஒரு துண்டு.

2. எப்பாக்சி பிசினில் பதித்து, வைர ரம்பத்தால் அறுத்து, ஸ்லைடில் ஒட்டி, 100 மைக்ரானுக்குக் கீழே வரும்வரை தேய்க்கவும். ஆஸ்டியான்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மங்கித் தெரிந்தால் இன்னும் தடிமன்தான்.

3. அளவுகோல் ஸ்லைடை வைத்து உங்கள் மைக்ரோஸ்கோப்பின் பார்வை வட்டத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். கெர்லியின் முறையிலேயே வட்டத்தின் அளவு தவறிப்போய், 1978-இல் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது!

4. இனி எண்ணிக்கை. கால்வாய் முழுதாகவோ கிட்டத்தட்ட முழுதாகவோ இருந்தால் அது முழு ஆஸ்டியான். புதிய ஆஸ்டியான் குடைந்ததில் கால்வாயை இழந்து பிறைபோல் எஞ்சியிருக்கும் பழையது துண்டு. தொடக்கத்தில் எல்லோரும் துண்டுகளைத்தான் கோட்டைவிடுவார்கள். வயதானவர் எலும்பில் பாதிக் கதை அதில்தான் இருக்கிறது. ஒவ்வொன்றின் எல்லையாகச் சுற்றிலும் ஓடும் மெல்லிய கோட்டை (சிமெண்ட் கோடு) தேடுங்கள். எல்லை தெளிவாகத் தெரியாவிட்டால் ஒளியைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ஓரத்தில் பாதி வெட்டுப்படுவதை எண்ணுவதா, விடுவதா? முன்கூட்டியே முடிவு செய்து, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

5. இரண்டையும் கூட்டிப் பரப்பால் வகுக்கவும். 8 சதுர மி.மீ.யில் முழுசு 96, துண்டு 64 என்றால், சதுர மி.மீ.க்கு 20.

6. அந்த எண்ணை விலாவுக்கென்றே உள்ள சூத்திரத்தில் போடவும். தொடை எலும்புச் சூத்திரம் இதற்கு ஆகாது. விடையை ஒற்றை வயதாக எழுதாமல், வீச்சாக எழுதுங்கள். முதுமையில் புதிய ஆஸ்டியான்கள் பழையவற்றின் தடயத்தையே அழித்துவிடுவதால் எண்ணிக்கை ஒரு கட்டத்துக்குமேல் ஏறாது. எண்பது வயதுக்காரர் அறுபதாகத் தெரிவது அதனால்தான். பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தவரிடம் கதை தலைகீழ்: எலும்பு வேகமாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கும், வயது கூடுதலாகத் தெரியும்.