விற்கப்போகும் வீட்டில் செய்யக்கூடாத வேலைகள்

வீடு பார்க்க வந்தவர் கூடத்தில் உட்காரவில்லை. கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கிக்கொண்டே நேராக உள் அறைக்குப் போனார். சன்னலுக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். கையை எடுத்தபோது விரல்களில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அந்தச் சுவருக்குப் பட்டி பார்த்து வண்ணம் பூசி மூன்று வாரம்கூட ஆகவில்லை. "வேறு எங்கெல்லாம் இப்படி இருக்கிறது, சார்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அதன்பிறகு அவர் வீட்டைப் பார்க்கவில்லை. நாங்கள் எதையெல்லாம் மறைத்திருக்கிறோம் என்று தேடத் தொடங்கிவிட்டார். அலமாரிக் கதவுகளைத் தட்டினார், குளியலறையில் குனிந்து மூலைகளைப் பார்த்தார், "சொல்லி அனுப்புகிறேன்" என்று கிளம்பிவிட்டார்.

நங்கநல்லூரில் என் பெற்றோர் 26 ஆண்டுகள் வாழ்ந்த அடுக்குமாடி வீடு அது. அதை விற்கும்போது நாங்கள் செய்த தவறுகளையும், பிறகு உறவினர், நண்பர் வீடுகளில் பார்த்த தவறுகளையும்தான் இங்கே எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒன்றுதான்: விற்பதற்கு முன் செய்யும் வேலை வீட்டின் விலையை ஏற்றுவதற்காக அல்ல, வாங்க வருகிறவரின் சந்தேகத்தைக் குறைப்பதற்காக.

சென்னையில் 20, 25 ஆண்டுகள் பழைய அடுக்குமாடி வீட்டை வாங்குகிறவர் முதலில் கேட்பது யு.டி.எஸ். எவ்வளவு என்பதைத்தான். அதாவது, அந்த மனையில் நம் வீட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பாகம். கட்டடத்துக்கு வயது ஏற ஏற அதன் மதிப்பு குறைகிறது, மனையின் மதிப்பு ஏறுகிறது. உள்ளே நான்கு லட்சம் செலவழித்தாலும் அந்தப் பாகம் ஒரு சதுர அடிகூட வளராது. ஆனால் ஈரம் கசியும் ஒரு சுவர், பேரம் பேசுகிறவர் கையில் பெரிய ஆயுதம். பழுதைச் சரிசெய்ய ஆகும் செலவைப்போல இரண்டு மூன்று மடங்கைக் குறைத்துக் கேட்பார். கேட்பதில் நியாயமும் இருக்கும். சுவருக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியாதே.

ஈரத்தின் மேல் வண்ணம்

இதைவிடப் பெரிய தவறு இல்லை என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

சுவரில் பூக்கும் அந்த வெள்ளைப் பொடி உப்பு. செங்கல்லிலும் சிமென்ட் பூச்சிலும் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு அங்கேயே படிகமாகத் தங்கி, வண்ணத்தையும் பட்டியையும் உள்ளிருந்து தள்ளுகிறது. மேலே எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷன் பூசினாலும், உள்ளே தண்ணீர் வருகிறவரை உப்பும் வந்துகொண்டேதான் இருக்கும். ஈரம் தடுக்கும் பூச்சு என்று விற்கப்படுபவற்றை அறையின் உட்பக்கம் அடிப்பதும் பெரும்பாலும் வீண். தண்ணீர் மறுபக்கத்திலிருந்து வரும்போது உட்பக்கப் பூச்சை அது உரித்துத் தள்ளிவிடும்.

எனவே முதல் வேலை, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறதா? வெளிச்சுவரில் விரிசல் உண்டா? கழிவுநீர்க் குழாய் அந்த மூலையில் இறங்குகிறதா? மேல் மாடியாக இருந்தால் மொட்டைமாடித் தட்டோடுகளின் இணைப்பு விட்டிருக்கிறதா? சந்தேகமான இடத்தில் ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்புறம், சுவரைப் பார்த்த பக்கத்தில், நீர்த்துளிகள் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கத்தில் இருந்தால் அது அறைக்காற்றின் ஈரம். சன்னலைத் திறந்துவைத்தாலே பாதி தீரும்.

எங்கள் வீட்டில் காரணம் சுவருக்கு மறுபக்கம் இருந்தது. குளியலறைச் சுவருக்குள் போகும் பழைய இரும்புக் குழாயின் ஒரு முழங்கை இணைப்பு துருப்பிடித்து, ஊசிமுனை அளவு ஓட்டை. ஒரு நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூடக் கசிந்திருக்காது. அது போதுமானதாக இருந்தது.

கசிவு மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து என்றால் அதற்குத் தனியாக நாள் ஒதுக்க வேண்டும். மேல்வீட்டுக்காரரிடம் பேசி, அவர் சம்மதித்து, கொத்தனார் கிடைத்து, அவர்கள் குளியலறையை ஒரு வாரம் விட்டுக்கொடுக்க வேண்டும். மொட்டைமாடி என்றால் அது பொதுச் சொத்து, குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டிப் பேச வேண்டும். விற்பனை விளம்பரம் கொடுத்துவிட்டு இதைத் தொடங்குகிறவர்கள்தான் கடைசியில் பட்டியை எடுத்து மேலே பூசி மூடிவிடுகிறார்கள்.

கசிவை அடைத்த பிறகும் அவசரப்படக்கூடாது. உப்பேறிய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். புதுப் பூச்சு காயக் குறைந்தது 28 நாட்கள் விட வேண்டும். அதற்கு மேல்தான் பட்டி, ப்ரைமர், வண்ணம்.

மறைத்து விற்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55ஆவது பிரிவில், விற்பவருக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறைபாட்டைச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவதை மோசடி என்றே அது குறிக்கிறது. ஆனாலும் சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. நம் வீட்டை வாங்குகிறவர் பெரும்பாலும் இருபது வருடக் கடனோடு வருகிறார். முதல் ஐப்பசி மழையில் அவர் குழந்தையின் படுக்கை ஓரம் ஈரமாகும் என்று தெரிந்தே நாம் சாவியைக் கொடுக்கலாகாது.

எண்ணெய்க் கறையும் ஒட்டுவேலையும்

நம் வீடுகளில் சாய்ந்து உட்காரும் இடத்திலும் கட்டிலின் தலைமாட்டிலும் சுவரில் வட்டமாக ஒரு கறை இருக்கும். தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் எண்ணெய் வைத்த தலைகள் பதித்த தடம். அதன்மேல் நேராக எமல்ஷனைப் பூசினால் முதல் நாள் மறையும். சில வாரத்தில் மஞ்சளாக மீண்டும் எழும். நீரில் கரையும் வண்ணம் எண்ணெயின்மேல் பிடிக்காது. சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் சார்ந்த ப்ரைமரை அந்த இடத்தில் அடித்த பிறகே வண்ணம். தாளிப்புப் புகை படிந்த சமையலறைச் சுவருக்கும், கற்பூரக் கரி ஏறிய பூசை அலமாரிக்கும் இதே வழிதான்.

கறை இருக்கும் இடத்தில் மட்டும் தொட்டுப் பூசுவதும் கூடாது. அதே கம்பெனி, அதே எண் வண்ணம் வாங்கினாலும், பழைய சுவர் வெளுத்திருக்கும். புதிது தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். பூசினால் ஒரு சுவரை மூலையிலிருந்து மூலைவரை பூசுங்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சுவருக்கு மட்டும் கருஞ்சிவப்பு, ஊதா என்று அடிப்பது நமக்குப் பிடித்திருக்கலாம். வருகிறவர் மனத்துக்குள் அதை அழிக்க ஆகும் கூலியைக் கணக்குப் போடுவார். வெளிர் சந்தனமோ பாலாடை நிறமோ போதும். ஆனால் பெயின்டர் வேலை முடித்துப் போவதற்குள் சுவிட்சுகள், தாழ்ப்பாள்கள், கீல்கள், சன்னல் கம்பிகள் எல்லாவற்றிலும் சிந்திய வண்ணத்தைத் துடைக்கச் சொல்லுங்கள். வருகிறவரின் கண் சுவரில் இருந்தாலும் கை அவற்றின்மேல்தான் போகும்.

ஆசிட் ஊற்றிக் கழுவுதல்

இதைத் தடுக்க முடிந்தால் இந்தக் கட்டுரைக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன். வீட்டைக் காட்டுவதற்கு முந்தைய நாள் யாராவது ஒரு பாட்டில் ஆசிட் வாங்கிவந்து வீடு முழுக்க ஊற்றுவார்கள். பீங்கான் மட்டும் தாங்கும். மொசைக் தரையில் பதித்திருப்பது பளிங்குச் சில்லுகள். சமையலறை மேடையிலும் அலமாரித் தட்டுகளிலும் இருக்கும் கடப்பா கல் சுண்ணாம்புக் கல் வகை. இரண்டையும் அமிலம் அரித்துவிடும். நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைப்போம், போவது கல். கறுப்புக் கடப்பா சாம்பல் பூத்து, எத்தனை துடைத்தாலும் மங்கலாகவே நிற்கும். ஓடுகளுக்கு இடையே இருக்கும் சிமென்ட் பூச்சும் கரைந்து, நாம் அடைத்த கசிவுக்கு மீண்டும் வழி திறக்கும்.

மொசைக் தரையை மெஷின் வைத்து பாலிஷ் போட்டாலே அது கண்ணாடிபோல எழும். இதை விட்டுவிட்டு அதன்மேல் புது டைல்ஸ் ஒட்டுகிறார்கள். தரை ஒன்றரை சென்டிமீட்டர் உயர்கிறது, கதவுகளின் அடியை அறுக்க வேண்டியிருக்கிறது. குளியலறையிலும் அப்படி ஒட்டிவிட்டால் வாசல்படியின் தடுப்பு குறைந்து, குளித்த தண்ணீர் அறைக்குள் வருகிறது. பழைய தனி வீடாக இருந்து, சிவப்பு ஆக்சைடு தரையோ ஆத்தங்குடி ஓடுகளோ இருந்தால் தயவுசெய்து அதன்மேல் எதையும் ஒட்டாதீர்கள். அந்தத் தரைக்காகவே வீடு தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

குழாய்களில் போர் தண்ணீர் விட்டுப்போன உப்புக் கட்டிகளுக்கும் ஆசிட் வேண்டாம். வினிகரில் நனைத்த துணியைக் குழாயைச் சுற்றி ஒரு மணி நேரம் கட்டிவைத்தால் விரலால் தேய்க்கவே உதிரும்.

பூட்டிய வீட்டின் வாடை

ஆளில்லாமல் பூட்டிக்கிடக்கும் வீட்டைத் திறந்ததும் சாக்கடை நாற்றம் வந்தால், வருகிறவர் குழாய்களே உடைந்திருப்பதாக நினைப்பார். பெரும்பாலும் காரணம் எளியது. குளியலறைத் தரையில் சல்லடை மூடிக்கு அடியில் ஒரு வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும். சாக்கடைக் காற்றும் கரப்பான்களும் உள்ளே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். சில வாரம் புழங்காவிட்டால் அது வற்றிவிடுகிறது. வாரம் ஒரு முறை ஒவ்வொரு சல்லடையிலும், சமையலறைத் தொட்டியிலும், ஒரு குவளைத் தண்ணீர் ஊற்ற யாரையாவது ஏற்பாடு செய்யுங்கள். வாசனைத் தெளிப்பானை அடித்துவிட்டு வீட்டைக் காட்டுவது, எதையோ மூடுகிறோம் என்று நாமே அறிவிப்பதுதான்.

நமக்குப் பிடித்ததைக் கட்டுதல்

மாடுலர் கிச்சன், ஜிப்சம் பொய்க்கூரை, புது வார்ட்ரோப் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். சமையலறையை ஒவ்வொரு குடும்பமும் தன் கைக்கு ஏற்றபடிதான் அமைத்துக்கொள்ளும். பழைய வீட்டில் புதுப் பொய்க்கூரை என்றாலே, மேலே கசிவு இருக்கிறதோ என்ற கேள்வி எழும். வாஸ்து சரிசெய்கிறேன் என்று கதவை இடம் மாற்றுவதும் அப்படியே. வாங்குகிறவர் அழைத்துவரும் வாஸ்து நிபுணர் வேறொன்று சொல்வார்.

சுவரை இடித்து கூடத்தைப் பெரிதாக்குவதும், பால்கனியை அடைத்து அறையாக்குவதும் இன்னும் ஆபத்தானவை. வாங்குகிறவர் வங்கிக்கடன் எடுத்தால், வங்கியின் மதிப்பீட்டுப் பொறியாளர் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீட்டைப் பார்ப்பார். வரைபடத்தில் பால்கனி, நேரில் அறை என்றால் கடன் அங்கேயே நிற்கலாம்.

பணம் இருந்தால் மின்சாரத்துக்குச் செலவழியுங்கள். பழைய ஒயரை அப்படியே விட்டுவிட்டு சுவிட்சுப் பலகையை மட்டும் புதிதாக்குவது ஏமாற்று வேலை. எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பொருத்தினால் அது உயிர் காக்கும் வேலை. சொல்லிக் காட்டவும் முடியும். மரக்கதவுகளின் நிலையையும் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் உள்ளே கரையான். எனாமல் பூசி மூடாமல், மருந்து அடித்துவிட்டுப் பழுதான மரத்தை மாற்றுங்கள்.

பரணைக் காலி செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். பித்தளை அண்டா, ஓடாத மிக்சி, பழைய நாளிதழ்கள் என்று நிறைந்த பரண், இருக்கும் இடத்தையும் இல்லாததாகக் காட்டும். பூசை இடத்தை மட்டும் துடைத்துவிட்டு அப்படியே விடலாம் என்பது என் எண்ணம். விளக்கு எரியும் வீட்டுக்குள் நுழைகிறவரின் முகம் கொஞ்சம் இளகுவதைப் பார்த்திருக்கிறேன்.

எப்போது தொடங்குவது

ஆடியிலும் மார்கழியிலும் வீடு பார்க்க ஆள் வருவது குறைவு. வேலைக்கு ஏற்றது ஆடி. மாலை மழை ஒன்றிரண்டு வந்தாலும் வெயிலும் காற்றும் சுவரைக் காயவைத்துவிடும், ஆவணியில் வீட்டைக் காட்டலாம். மார்கழியில் சென்னைச் சுவர்கள் வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கும். அப்போது பூசி, தையில் காட்ட நினைத்ததுதான் எங்கள் தவறு.

பிறகு அந்தக் குளியலறைச் சுவரை உடைத்துக் குழாயை மாற்றினோம். ஆறு மாதம் பொறுத்து ஆடியில் பூசினோம். பில்களை எல்லாம் ஒரு கோப்பில் வைத்தோம். வெறும் வண்ணமும் பழுதுபார்ப்பும், விற்ற லாபத்துக்குக் கட்டும் மூலதன ஆதாய வரியில் மேம்பாட்டுச் செலவாகப் பொதுவாக ஏறாது. நிலையாகச் சேர்த்த வேலைகள் ஏறலாம் என்பதால் ஆடிட்டரிடம் காட்டப் பில்கள் தேவைப்பட்டன. சுவரை உடைத்தபோது கைப்பேசியில் எடுத்த படங்களையும் அச்சிட்டு அதிலேயே சேர்த்திருந்தோம். ஆவணியில் வந்த தம்பதியரிடம் நடந்ததைச் சொல்லிக் கோப்பைக் கொடுத்தோம். அந்த அம்மாள் துருப்பிடித்த முழங்கையின் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் சுவரில் கைவைத்துப் பார்த்துவிட்டு, பால்கனியில் துணி உலர்த்தக் கம்பி கட்ட இடம் இருக்கிறதா என்று கேட்டார்.